அடியில் முத்திரை இல்லாவிட்டால் வாங்கக் கூடாதா?

கேள்வி, ஜனவரி 9
"பழைய பீங்கான், கண்ணாடி, வெண்கலச் சிலைகள் என்று உலகின் பல பக்கத்துப் பொருட்களைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் ஒரே ஒரு விதிதான் சொன்னார்: அடியில் செய்தவரின் முத்திரை இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடு. இந்த விதியை நம்பலாமா?"

ஜனவரி 9
நம்ப வேண்டாம். முத்திரையைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். ஒரு பழம்பொருளில் போலி செய்ய மிகச் சுலபமான இடமே அதுதான். பழைய மாதிரி மண்ணைப் பதமாக்குவது கஷ்டம். மேலே கண்ணாடி மாதிரி படிந்த மெருகின் நிறத்தைக் கொண்டுவருவது அதைவிடக் கஷ்டம். பல தலைமுறை மேசையில் உரசித் தேய்ந்த அடிவிளிம்பை உண்டாக்குவது எல்லாவற்றையும் விடக் கஷ்டம். நீல நிறத்தில் இரண்டு வாள்களைக் குறுக்காக வரைய ஒரு தூரிகை போதும். ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலை 1710இல் தொடங்கியது, 1720களில் அந்த வாள் முத்திரையைப் போட ஆரம்பித்தது. அப்போது பிடித்து இன்றுவரை அதைக் காப்பியடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிரான்ஸின் செவ்ர் ஆலையின் பின்னிய இரட்டை 'எல்' நிலைமையும் இதேதான்.

ஜனவரி 9, இரவு
அப்படியானால் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

பீங்கான் கிண்ணம் என்று வைத்துக்கொள்வோம். மடியில் துணியை விரித்து அதைக் கவிழ்த்து வைப்பேன். சின்ன டார்ச்சை நேராக அடிக்காமல், பக்கவாட்டில் படுக்க வைத்த மாதிரி அடிப்பேன். அடிவிளிம்பில் மெருகு ஏறாத வெறும் மண் தெரியும். நெடுநாள் புழங்கிய பொருளில் அந்த விளிம்பு ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. மேசையில் படும் மேடுகள் மழமழவென்று இருக்கும், படாத பள்ளங்களில் சூளையிலிருந்து வந்த சொரசொரப்பு அப்படியே இருக்கும். கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். சில ஆழமானவை, சில மயிரிழை, ஒன்றின் மேல் ஒன்று. உப்புத்தாளால் தேய்த்துப் 'பழசாக்கிய' விளிம்பில் எல்லாக் கீறலும் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் போகும். மேடு பள்ளம் என்ற பேதமே இருக்காது.

அடுத்தது கை போகும் இடங்கள். மூடியின் குமிழ், கைப்பிடியின் உட்பக்கம், கட்டைவிரல் அழுந்தும் இடம். தங்கப்பூச்சு அங்கேதான் முதலில் போகும். பிடியில் தங்கம் புத்தம் புதிதாக மின்னி, யாரும் தொடாத பின்பக்கம் தேய்ந்திருந்தால் நான் அதைக் கீழே வைத்துவிடுவேன். அழுக்கும் இப்படித்தான். உண்மையான பழைய அழுக்கு இடுக்கில் போய் உட்காரும், துடைபடும் இடத்தில் நிற்காது. பூசிய அழுக்கு எல்லா இடத்திலும் இருக்கும்.

இவ்வளவும் பார்த்து முடித்த பிறகு முத்திரையைப் பார்ப்பேன். அதற்குள் அந்தப் பொருளைப் பற்றி ஓர் எண்ணம் வந்திருக்கும். முத்திரை அதோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் அப்போது கேள்வி.

ஜனவரி 12
"அப்போ முத்திரையால் பிரயோஜனமே இல்லையா?" என்று இன்னொருவர். இருக்கிறது, நிறையவே. குறிப்பாக, சட்டம் கட்டாயப்படுத்திய முத்திரைகளில். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி வரிச் சட்டத்தால், 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் சரக்கில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று ஆங்கிலத்தில் போட வேண்டியதாயிற்று. ஆகவே ஒரு ஜாடியின் அடியில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் தனியாக இருந்தால், பெரும்பாலும் அது அதற்குப் பிறகு வந்தது. ஜப்பானியப் பொருட்களில் முதலில் 'நிப்பான்' என்று போட்டார்கள். 1921இல் அமெரிக்கச் சுங்கத்துறை அதை ஏற்காமல் போகவே 'ஜப்பான்' ஆயிற்று. உலகப் போருக்குப் பிந்தைய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஏற்றுமதியானவற்றில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்தக் காலம் 1952 ஏப்ரலோடு முடிந்தது. அந்த வார்த்தை உள்ள சின்னச் சின்னப் பொம்மைகளை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் பொருட்களில் வைர வடிவத்தில் ஒரு பதிவுக் குறி வரும், 1842 முதல் 1883 வரை. 1867 வரை வருடத்தின் எழுத்து மேல் மூலையில், 1868 முதல் வலது மூலையில். 1884இலிருந்து வெறும் பதிவு எண். இதை வைத்து வடிவமைப்பு பதிவான வருடத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அது அந்த வடிவம் பதிவான வருடம்தான். அதே வடிவத்தைப் பல வருடம் கழித்தும் வார்த்திருப்பார்கள், குறியும் கூடவே வரும். 'இதற்கு முந்தியது அல்ல' என்று மட்டும்தான் முத்திரை சொல்லும். எத்தனையோ விளம்பரங்களில் அதைப் பிறந்த தேதி மாதிரி எழுதுகிறார்கள்.

ஜனவரி 12, கொஞ்ச நேரம் கழித்து
முத்திரை இல்லாததற்கும் காரணங்கள் உண்டு. காகித லேபிள் ஒட்டி விற்றிருப்பார்கள், முதல் தடவை கழுவியதிலேயே அது போயிருக்கும். இத்தாலியின் முரானோ தீவுக் கண்ணாடியில் பெரும்பகுதி அப்படித்தான். அந்தத் தீவில் 1291 முதல் கண்ணாடிக்காரர்கள் உலை மூட்டியிருக்கிறார்கள், பெயர் பொறிக்க வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் நினைத்ததே இல்லை. செட்டாக விற்றதில் ஒரு துண்டில் மட்டும் முத்திரை இருக்கும், மற்றவை வெறுமை. விதியைச் சொன்ன உங்கள் நண்பர் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருப்பார்.

ஜனவரி 13
வெள்ளியை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான், வெள்ளி வேறு சங்கதி. அங்கே முத்திரையைக் குத்துவது செய்தவர் மட்டும் இல்லை, உலோகத்தைச் சோதித்த அலுவலகமும்தான். லண்டனில் சிறுத்தைத் தலை 1300 முதல், வருட எழுத்து 1478 முதல், நடக்கும் சிங்கம் 1544 முதல் இருக்கின்றன. பர்மிங்காம் சோதனைச் சாலை 1773இல் வந்தது, அதற்கு நங்கூரம். ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. நான்கைந்து சின்னக் குத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஊர், வருடம், செய்தவர், தரம் எல்லாம் கிடைத்துவிடும். பீங்கானில் இந்த வசதி கிடையாது.

ஆனாலும் ஒன்று. 1720 முதல் 1758 வரை இங்கிலாந்தில் வெள்ளிக்கு எடைப்படி வரி இருந்தது. வரியைத் தவிர்க்கச் சில தட்டார்கள் ஒரு சின்னப் பொருளைச் சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டி ஒரு பெரிய பாத்திரத்தின் அடியில் பற்றவைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. முத்திரையைச் சுற்றி வாயால் நீராவி ஊதுங்கள். மூச்சின் மங்கல் படிந்து கலையும்போது பற்றவைத்த கோடு ஒரு கணம் எழும்பி மறையும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருநூறு வருடத்துக்கு மேல் யாரோ ஒளித்து வைத்தது ஒரு மூச்சில் தெரிகிறது.

ஜனவரி 27
சீன முத்திரைகள் பற்றிக் கேட்டவருக்கு. அடியில் காங்ஷி பேரரசர் பெயர் இருக்கிறது, அப்படியானால் 1662க்கும் 1722க்கும் நடுவில் செய்ததுதானே என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். காங்ஷி காலத்துக் குயவர்களே தங்களுக்கு முந்திய செங்குவா பேரரசரின் (1465–1487) பெயரை எழுதியிருக்கிறார்கள். காங்ஷியின் பெயரை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏராளமாக எழுதினார்கள். இதில் பெரும்பகுதி மோசடி கிடையாது. முன்னோர் கைவேலைக்குச் செலுத்திய மரியாதை அது. அந்தக் காலத்தை ஆதர்சமாக வைத்து இதைச் செய்தேன் என்பதுதான் அந்த எழுத்து.

என்னிடம் நீல வெள்ளைக் குடுவை ஒன்று இருக்கிறது, அடியில் காங்ஷியின் நான்கு எழுத்து. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி என்று தெரிந்துதான் வாங்கினேன். பிளம் பூக்கள், பின்னணியில் விரிசல் விட்ட பனி மாதிரிக் கோடுகள். வரைந்தவருடைய தூரிகை ஒரு கிளை முடியும் இடத்தில் கொஞ்சம் தயங்கி, மை தேங்கி, நீலம் அங்கே மட்டும் கருநீலமாக இருக்கிறது. அந்தத் தயக்கத்துக்காகவே அதைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

ஜனவரி 28
பீங்கான் ஆசை எதுவரை போகும் என்று பேச்சு வந்ததால் இது. ஜெர்மனியின் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ், மைசன் ஆலையைத் தொடங்கியவர், 1717இல் பிரஷ்ய மன்னரிடமிருந்து 151 சீனப் பீங்கான்களை வாங்கினார். கொடுத்தது பணம் இல்லை, 600 குதிரைப்படை வீரர்கள். டிராகூன் என்றால் குதிரைப்படை வீரர். அந்தப் பெரிய ஜாடிகளுக்கு இன்றும் 'டிராகூன் ஜாடிகள்' என்றே பெயர், ட்ரெஸ்டனில் இருக்கின்றன. அழகான ஜாடிகள்தான். ஆனால் அந்த 600 பேரை நினைக்காமல் என்னால் அவற்றின் படத்தைப் பார்க்க முடிவதில்லை.

பிப்ரவரி 3
"நகல் என்றால் குப்பைதானே?" இந்த வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

பாரிஸில் 1845இல் சாம்சன் என்ற ஒரு நிறுவனம் தொடங்கியது. உடைந்த செட்டுகளுக்கு மாற்றுத் துண்டு செய்து கொடுப்பதில் ஆரம்பித்து, மைசன், செல்சீ, சீனம், ஜப்பான் என்று எல்லாப் பாணியிலும் நகல் செய்தார்கள். இன்று அந்த நகல்களே நூறு வருடம் தாண்டிவிட்டன. சாம்சன் வேலை என்று தெரிந்தே தேடி வாங்குகிறார்கள். பழம்பொருள் என்றால் நூறு வருடம் என்ற கணக்கைச் சுங்கத்துறைகள்தான் பரப்பின. அமெரிக்காவில் 1930 சட்டப்படி 1830க்கு முந்தியதுதான் பழம்பொருள், 1966இல்தான் அதை நூறு வருடம் என்று மாற்றினார்கள். 'விண்டேஜ்' என்பதற்கு அப்படி ஒரு சட்ட எல்லை கிடையாது. அதனால் விற்பவர் அந்தச் சொல்லைச் சொன்னால், எந்தப் பத்தாண்டு என்று திருப்பிக் கேளுங்கள்.

தன்னை நகல் என்று சொல்லிக்கொள்ளும் நகல் நல்ல பொருள். அதை மறைத்துவிட்டு விற்பதுதான் கெட்ட காரியம். பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலே பெயரில் வரும் அடுக்குக் கண்ணாடிக் குவளைகளைப் பாருங்கள். அவர் 1904இல் இறந்தார். பின்னாளில் ருமேனியாவில் அதே பாணியில் செய்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் 'டிப்' (TIP) என்று சேர்த்து விற்றார்கள், அந்த வகை என்ற அர்த்தத்தில். நேர்மையான ஏற்பாடு. பிறகு கை மாறிய இடங்களில் அந்த மூன்றெழுத்தை மட்டும் யாராவது தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். கையெழுத்துக்கு அருகில் விரலை ஓட்டுங்கள். காரணமில்லாமல் ஓரிடம் மட்டும் தட்டையாகவோ கூடுதல் பளபளப்பாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிப்ரவரி 4
லாலிக் கண்ணாடி பற்றிக் கேட்டவருக்கு: பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1945இல் காலமானார். அதுவரை கையெழுத்தில் 'ஆர்' என்ற முதலெழுத்தும் இருக்கும், அதற்குப் பிறகு வெறும் 'லாலிக்'. பிந்தைய பொருளில் 'ஆர்' சேர்த்துப் பொறித்த மோசடிகளும் உண்டு.

பிப்ரவரி 18
உலோகச் சிலைகள்.

வெண்கலம் என்று விற்கப்படுவதில் நிறைய ஸ்பெல்டர், அதாவது துத்தநாக வார்ப்பு. மேலே வெண்கல நிறம் பூசியிருப்பார்கள். அடியில், யாரும் பார்க்காத இடத்தில் சின்னதாகக் கீறினால் வெண்கலம் மஞ்சளாக மின்னும், ஸ்பெல்டர் வெள்ளி சாம்பலாக இருக்கும். விற்பவர் அனுமதி இல்லாமல் கீறாதீர்கள். ஏற்கெனவே எங்காவது சிராய்ப்பு இருக்கும், அதைத் தேடினாலே போதும். சுண்டிப் பார்த்தாலும் தெரியும். வெண்கலம் நின்று ஒலிக்கும், ஸ்பெல்டர் 'டொக்' என்று அடங்கிவிடும்.

அதைவிட நுட்பமானது அசல் வார்ப்பா, வார்ப்பிலிருந்து எடுத்த வார்ப்பா என்பது. உருகிய வெண்கலம் ஆறும்போது சுருங்கும், ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரை இரண்டு பங்கு. அசல் சிலையிலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தால், வருவது அந்த அளவுக்குச் சிறியதாக இருக்கும். ஆகவே அருங்காட்சியகப் பட்டியலில் உள்ள உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். அப்படி மறுபடி வார்த்ததில் முடியிழை, நகம், துணி மடிப்பு எல்லாம் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும். ஆனால் கவனம், 1836இல் அஷீல் கொலா உருவாக்கிய இயந்திரத்தால் ஒரே சிலையை வேண்டுமென்றே பல அளவுகளில் செய்து விற்றார்கள். அளவு மட்டும் குறைந்திருப்பதால் போலி ஆகிவிடாது. அளவும் குறைந்து கூர்மையும் போயிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பீடத்தின் அடியில் திருகாணியைப் பாருங்கள். கூட்டல் குறித் தலை உள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. பழைய பொருளில் பின்னால் யாரோ மாற்றியிருக்கலாம். ஆனால் எல்லாத் திருகாணியும் அப்படி, துளைகளும் புதிது என்றால் வேறு சாட்சி தேவையில்லை.

பிப்ரவரி 19
மரத்துக்கும் அளவுகோல் உதவும், நேற்று எழுத விட்டுப்போயிற்று. கடைசலில் வட்டமாகக் கடைந்த மூடியோ கிண்ணமோ காலப்போக்கில் நார்ப் பாங்குக்குக் குறுக்காகத்தான் அதிகம் சுருங்கும். வட்டம் கொஞ்சம் முட்டை வடிவம் ஆகிவிடும். இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். மிகப் பழையது என்று சொல்லும் பெட்டி அச்சு அசலான வட்டமாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

பிப்ரவரி 22
பழைய வெண்கலச் சிலையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி ஒருவர் இங்கே படம் போட்டிருக்கிறார். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, அடுத்த பொருளாவது தப்பட்டும் என்றுதான். தயவுசெய்து தேய்க்காதீர்கள். வெண்கலத்தின் மேல் காலம் ஏற்றிய அந்தப் பழுப்பும் பச்சையும் அழுக்கு இல்லை. சிலருடைய பட்டறையில் அந்த நிறத்தை அமிலம் வைத்து, சூடு காட்டி, நாட்கணக்கில் உருவாக்கினார்கள், அது சிலையின் பாதி. பாலிஷ் போட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம், திரும்ப வைக்க முடியாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள், அது போதும்.

ஒரே ஒரு விலக்கு. வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிரும் புள்ளிகள் தெரிந்தால் அது நோய். உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து தின்றுகொண்டே போகும். அந்தப் பொருளை உலர்ந்த இடத்தில் தனியாக வைத்துப் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, பழைய முகம் பார்க்கும் கண்ணாடிகள். லீபிக் 1835இல் வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடிப்பதற்கு முன், பின்பக்கம் தகரமும் பாதரசமும்தான். பாதரசம் விஷம், பின்பலகையைக் கழற்றிச் சுரண்ட வேண்டாம்.

மார்ச் 8
ஒட்டியது, பழுது பார்த்தது. இங்கே நிறையப் பேர் முகம் சுளிக்கிறீர்கள். மறைத்த பழுதுக்கும் மறைக்காத பழுதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மறைத்ததைக் கண்டுபிடிக்கப் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். இருட்டறையில் அடித்தால் நவீனப் பசையும் மேலே பூசிய வண்ணமும் பீங்கானிலிருந்து வேறு நிறத்தில் தனித்து ஒளிரும். கையில் பிடித்து மெல்லச் சுண்டிப் பாருங்கள், முழுப் பீங்கான் 'ணங்' என்று பேசும், விரிசல் விட்டது முனகும்.

மறைக்காத பழுதுக்கு நான் ரசிகன். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பாகோஹன் என்ற இளம்பச்சைக் கிண்ணம் இருக்கிறது, சீனாவின் லோங்சுவான் சூளையில் 13ஆம் நூற்றாண்டில் செய்தது. 15ஆம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்தபோது அடியில் விரிசல் விட்டதாம். இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று சீனாவுக்கு அனுப்பினார்களாம். இப்போது இவ்வளவு நல்லது கிடைக்காது என்று, விரிசலை இரும்புக் கொக்கிகளால் தைத்து அதையே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தக் கொக்கிகள் வெட்டுக்கிளி உட்கார்ந்த மாதிரி இருப்பதால்தான் அதற்கு அந்தப் பேர் வந்தது என்பார்கள். கொக்கி இல்லாத கிண்ணமாக அதை இன்று யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

மார்ச் 10
புற ஊதா டார்ச் வாங்கியாயிற்று, ஒரு குவளை பச்சையாகப் பளிச்சென்று எரிகிறது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது யுரேனியம் கண்ணாடி. பொகீமியாவில் 1830களிலிருந்து ரீடல் பட்டறையில் செய்தார்கள், பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், அதில் சாப்பிடக் குடிக்க வேண்டாம். மங்கலான பச்சை மட்டும் தெரிந்தால் அது கண்ணாடியில் சேர்த்த மாங்கனீசாகவும் இருக்கலாம்.

மார்ச் 29
இது கொஞ்சம் கனமான விஷயம். நெட்சுகே வாங்க ஆசை என்று கேட்டவருக்கும் சேர்த்துத்தான்.

இடைக்கச்சையில் பையைத் தொங்கவிட ஜப்பானியர் பயன்படுத்திய குட்டிச் சிற்பம் அது. உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள், துணியில் மாட்டும் நீட்டல் எதுவும் இருக்கக் கூடாது. கயிறு நுழைய இரண்டு துளை, முடிச்சு ஒளிந்துகொள்ள ஒன்று பெரும்பாலும் பெரிதாக இருக்கும். நிஜமாகப் புழங்கியதில் துளையின் உதடுகள் கயிறு உரசி வழுவழுவென்று வளைந்திருக்கும், உடம்போடு ஒட்டிய பக்கம் முகபாவங்கள் மழுங்கியிருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்ததில் துளைகள் கூர்மையாக, ஒரே அளவில் இருக்கும். கயிற்றில் தொங்கவிட்டால், குரங்குச் சிற்பம் என்றால் குரங்கு தலைகீழாகத் தொங்கும்.

மரத்தில் செய்ததைத் தேடுங்கள். தந்தத்தை நான் வாங்குவதில்லை. அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டீஸ் ஒப்பந்தம் 1975இல் அமலுக்கு வந்தது. ஆப்பிரிக்க யானையை 1989இல் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றினார்கள். பழைய தந்தத்துக்கு நாட்டுக்கு நாடு வேறு விதி, எல்லை தாண்டினால் காகிதங்கள் வேண்டும். ஆனால் என் காரணம் காகிதம் இல்லை. பழசு என்று சொல்லிப் புதியதை விற்கும் வழி அடைபட வேண்டும், அவ்வளவுதான்.

அதே மனநிலையில்தான் தலை மட்டும் உள்ள கற்சிலைகளைப் பார்க்கிறேன். கழுத்தில் வெட்டு புதிதாக இருந்தால் மீதி உடம்பு எங்கேயோ நிற்கிறது என்று அர்த்தம். கம்போடியாவின் கோ கேரில், பிரசாத் சென் கோயிலில் துரியோதனன் சிலை ஒன்று இருந்தது. திருடர்கள் கணுக்காலோடு பெயர்த்துப் போய்விட்டார்கள், பாதங்கள் பீடத்திலேயே நின்றன. சிலை 2011இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வரவிருந்தது. பீடத்தில் இருந்த பாதங்கள்தான் அது எங்கிருந்து போனது என்று காட்டிக்கொடுத்தன. 2014இல் நாடு திரும்பியது. திருட்டுக் கலைப்பொருள் வணிகத்துக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970இல் வந்தது. அதனால்தான் கோயில், கல்லறை, அகழ்விடம் சார்ந்த எதற்கும், அந்த வருடத்துக்கு முன்பே அது வெளியே இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறோம். 'ஒரு பழைய குடும்பச் சேகரிப்பு' என்ற ஒற்றை வரி ஆதாரம் ஆகாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 2
வாங்கிய பொருட்களுக்கு எண் போடுவது எப்படி என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. முதலில், அடியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பழைய லேபிள், ஏல எண், சாக்குக்கட்டிக் குறி எதையும் உரிக்காதீர்கள். முந்தைய கைகளின் தடயம் அதுதான், மேலே சொன்ன ஆதாரம் பல சமயம் அங்கேதான் தொடங்குகிறது. பசை உலர்ந்து கழன்று வந்தால் ஒரு உறையில் போட்டுப் பொருளோடு வையுங்கள்.

புது எண்ணுக்கு அருங்காட்சியகங்கள் செய்கிற முறையே நல்லது. கண்ணில் படாத ஓரத்தில் பாராலாய்ட் பி-72 என்ற தெளிவான அக்ரிலிக் பூச்சை நகம் அகலத்துக்குத் தடவி உலரவிட வேண்டும். அதன்மேல் நுனி மெல்லிய பேனாவால் எண், அதற்கு மேல் இன்னொரு பூச்சு. வேண்டாம் என்றால் அசிட்டோனில் போய்விடும். மெருகில்லாத மண், மெழுகு பூசிய மரம், துணி இவற்றில் இதைச் செய்யாமல் நூலில் கட்டிய அட்டையே போதும். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே அளவு, எடை, எங்கே யாரிடம் எப்போது, பழுது எங்கே, அடிப்பக்கப் படம். விற்றவர் சொன்ன கதையையும் எழுதுங்கள், 'விற்றவர் சொன்னது' என்று தனியாகக் குறித்து.